இயல் 7: பெட்டிக்கு ஒரு அளவு, பாகத்துக்கு ஒரு அளவு

இந்த இயல் முழுவதற்கும் ஒரே கப்பலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: ஐ.என்.எஸ். டெல்லி. 1932-ல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் 'அகிலீஸ்' என்ற பெயரோடு நீரில் இறங்கிய குரூசர் அது. 1939 டிசம்பர் 13 அன்று பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே, ஜெர்மனியின் கிராஃப் ஷ்பே கப்பலை எதிர்த்து நின்ற மூன்று குரூசர்களில் ஒன்று. 1948-ல் இந்தியா அதை வாங்கியது. 1950-ல் பிரதமர் நேரு இந்தோனேசியாவுக்குப் பயணம் போனது இந்தக் கப்பலில்தான். 1961-ல் கோவா நடவடிக்கையின்போது டையூவுக்கு எதிரே நின்றது. 1978-ல் ஓய்வு பெற்றது. நம் கடற்படையின் முதல் குரூசர். மாதிரிக் கப்பல் செய்யும் எந்தத் தமிழ் வீட்டு அலமாரியிலும் இருக்கத் தகுந்தது.

இதைச் செய்யக் கைகொடுப்பது ஏர்ஃபிக்ஸின் 'அஜாக்ஸ்' பெட்டி. அஜாக்ஸும் அகிலீஸும் லியாண்டர் வகைச் சகோதரிக் கப்பல்கள், உடல் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெட்டியின் ஸ்கேல் 1/600. கைப்பிடிக் கிராதி, ஏணி, பீரங்கிக் குழல், படகு, மாலுமி பொம்மை என்று தனியாக வாங்கிப் பூட்டும் பாகங்கள் கொட்டிக் கிடப்பதோ 1/700-லும் 1/350-லும். 1/600-க்கென்றே செய்தவை குறைவு. விரும்பிய நேரத்தில் கிடைப்பது இன்னும் குறைவு. ரெவெல்லின் 1/570 டைட்டானிக், 1/535 மிஸ்ஸூரி, ஹெல்லரின் 1/400 போர்க்கப்பல்கள், 1/150 பாமிர் பாய்க்கப்பல் ஆகியவற்றை எடுத்தவர்களுக்கும் இதே தொல்லைதான்.

இந்த ஸ்கேல்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1/600 என்பது 50 அடிக்கு ஓர் அங்குலம். 1/1200 என்பது 100 அடிக்கு ஓர் அங்குலம். இரண்டும் அடிக்கணக்கு நாட்டின் சந்ததி. 1/535, 1/570 போன்றவற்றின் பின்னே எந்தக் கணக்கும் கிடையாது. கடை அடுக்கில் நிற்கும் அட்டைப்பெட்டி இவ்வளவு நீளம் என்று முதலில் முடிவாகும். கப்பலை அதற்குள் அடக்குவார்கள். அடங்கியபின் வரும் எண்ணே ஸ்கேல். 1/700-ஐ நிலைநிறுத்தியவர்கள் ஜப்பானின் ஷிசுவோக்கா மாகாணத்து உற்பத்தியாளர்கள். 1971-ல் டாமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி நால்வரும் கப்பல்களைப் பங்கு பிரித்துக்கொண்டு 'வாட்டர்லைன்' வரிசையைத் தொடங்கினார்கள். நான்கு கம்பெனிகளும் ஒரே ஸ்கேலில் வார்த்ததால், பாகம் செய்பவர்களும் அங்கேயே குடியேறினார்கள்.

ஆகவே ஸ்கேல் எண் என்பது விற்பனைக்கான அடையாளம் மட்டுமே. நம் வேலைக்கு உதவுவது மில்லிமீட்டர். மரக்கப்பல் செய்பவர்கள் இதை எப்போதோ கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கப்பிகளும் டெட்ஐ எனும் கயிறு கோக்கும் மரவட்டுகளும் 2 மி.மீ., 3 மி.மீ., 5 மி.மீ. என்றுதான் பாக்கெட்டில் வரும், ஸ்கேல் போட்டிருக்காது. பிளாஸ்டிக் கப்பல்காரர்களும் அப்படி யோசிக்கப் பழக வேண்டும். இந்த இயலில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

முதலில் பெட்டியையே அளந்து பாருங்கள்

பெட்டி மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டெல்லியின் நிஜ நீளம் 554 அடி 9 அங்குலம், அதாவது 169 மீட்டர். அதை 600-ஆல் வகுத்தால் 282 மி.மீ. அகலம் 16.8 மீட்டர், வகுத்தால் 28 மி.மீ. உடலின் இரு பாதிகளையும் ஒட்டாமல் ரப்பர் வளையம் போட்டுச் சேர்த்துப் பிடித்து, முனையிலிருந்து முனைவரை இரும்பு ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். அகலத்துக்கு வெர்னியர். நிஜ நீளத்தை மாதிரியின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் கப்பலின் உண்மையான ஸ்கேல். பழைய அச்சுகளில் நீளம் ஒரு ஸ்கேலும் அகலம் இன்னொரு ஸ்கேலுமாக வருவது உண்டு. அப்படி வந்தால் நீளத்தின் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாகங்கள் பெரும்பாலும் நீளவாக்கில்தான் வரிசையாக நிற்கின்றன.

பிறகு ஒரு நோட்டை எடுத்து, நிஜக் கப்பலில் ஒவ்வொரு பாகமும் எவ்வளவு, நம் கப்பலில் எத்தனை மி.மீ. என்று எழுதுங்கள். இந்த ஒரு பக்கம்தான் கடைசிவரை உங்களோடு வரும். கிராதியின் உயரம் பிரிட்டிஷ் வழக்கில் மூன்றரை அடி, 1.07 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/600-ல் அது 1.78 மி.மீ.; 1/700-ல் 1.53, டைட்டானிக்கின் 1/570-ல் 1.88, மிஸ்ஸூரியின் 1/535-ல் சரியாக 2, 1/400-ல் 2.7; 1/350-ல் 3.06. அடுத்து ஆள். 1.70 மீட்டர் மாலுமி 1/600-ல் 2.8 மி.மீ. நிற்பார், 1/700-ல் 2.4.

எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது

எல்லாப் பாகத்துக்கும் ஒரே அளவு கண்டிப்பு தேவையில்லை. 1/700 பாகத்தை 1/600 கப்பலில் வைத்தால் அது ஏழில் ஒரு பங்கு சிறுத்துத் தெரியும். ஏணியில் இது கண்ணுக்கே படாது. படிக்கு 23 செ.மீ. இடைவெளி என்றால் 1/600-ல் 0.38 மி.மீ., 1/700-ல் 0.33, அரை முழ தூரத்தில் வைத்துப் பார்ப்பவர் யாரும் அந்த வித்தியாசத்தைக் காண மாட்டார். எனவே 1/700 ஏணிகளைத் தாராளமாக வாங்கி, நீளத்தை மட்டும் நம் தளத்தின் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்.

ஆள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 1/700 மாலுமியை 1/600 தளத்தில் நிறுத்தினால் அவர் உயரம் 1.46 மீட்டர் ஆகிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பீரங்கிப் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். எல்லாரும் எல்லா நாளும் பார்த்துப் பழகிய ஒரே அளவுகோல் மனித உடம்புதான்; அதில் சிறு பிசகும் சட்டென்று தெரியும். 1/570-க்கென்று செய்த பொம்மை கிடைத்தால் 1/600-ல் அவர் 1.79 மீட்டர் ஆவார். நெடியவர், ஆனால் நம்பலாம். 1/350 ஆளை 1/400-ல் வைத்தால் 1.94 மீட்டர், அது வேண்டாம். பொருத்தமான ஆள் கிடைக்காவிட்டால் தளத்தைக் காலியாக விடுங்கள். ஆளில்லாத கப்பல் உண்மையாக இருக்கும். தவறான உயரத்து ஆள் கப்பலையே பொய்யாக்கிவிடுவார். 1/150 பாய்க்கப்பல் செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கட்டட மாதிரி செய்பவர்களுக்கான 1/150, 1/100, 1/200 ஆள் பொம்மைகள் நூறு நூறாகப் பாக்கெட்டில் கிடைக்கின்றன.

கிராதி இரண்டுக்கும் நடுவே. கால் மில்லிமீட்டர் குறைவு என்பது தனியாகப் பார்த்தால் தெரியாது. ஆள், படகு, கதவு பக்கத்தில் இருந்தால் தெரியும். இதைச் சரிசெய்ய நல்ல வழி ஒன்று உண்டு. தளத்தின் விளிம்பை ஒட்டி 0.25 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து மயிரிழை அகலத்தில் ஒரு பட்டை வெட்டி ஒட்டுங்கள். நிஜக் கப்பலிலும் தள விளிம்பில் மழைநீரும் அலைநீரும் ஓடும் வாய்க்கால் ஓரம் உண்டு, ஆகவே அது பொய்யான சேர்க்கை ஆகாது. அதன் மேல் 1/700 கிராதியை நிறுத்தினால் 1.53-ம் 0.25-ம் சேர்ந்து 1.78. கணக்கு நேராகிவிட்டது. மிஸ்ஸூரிக்காரர்கள் இதற்கு எதிர்த்திசையில் போகலாம்: 1/350-ன் மூன்று கம்பிக் கிராதியில் அடிக்கம்பியை வெட்டி எடுத்துவிட்டால் ஏறத்தாழ 2 மி.மீ. மிஞ்சும். ஆனால் கம்பி தடிமனாகத் தெரியும் என்பதால் மனமில்லாமல்தான் இதைச் சொல்கிறேன்.

டெல்லியைச் சுற்றிவர மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்து 56 செ.மீ. கிராதி போகும். மேல்தளங்களுக்கும் சேர்த்து முக்கால் மீட்டருக்குக் குறையாமல் வாங்கி வையுங்கள். பாதியில் தீர்ந்து, வேறு கம்பெனியின் பித்தளைக் கிராதித் தகடு வாங்கினால் கம்பி இடைவெளி மாறிவிடும், அது நிச்சயம் தெரியும்.

அடுத்த பெரிய அளவை எடுக்கும் முறை

வழக்கமில்லாத ஸ்கேலில் வேலை செய்பவருக்கு மிகவும் பயன்படும் முறை இது. நிஜக் கப்பல்களில் ஒரே வகைப் பொருள் பல அளவுகளில் வரும். படகு 27 அடியிலும் உண்டு, 32 அடியிலும் உண்டு. தேடுவிளக்கு 36 அங்குலத்திலும் உண்டு, 44 அங்குலத்திலும் உண்டு. நம் ஸ்கேலில் சிறிய அளவு வேண்டுமென்றால், சிறிய ஸ்கேலின் பெரிய அளவை எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 அடிப் படகு 8.23 மீட்டர், 1/600-ல் 13.7 மி.மீ. 32 அடிப் படகு 9.75 மீட்டர், 1/700-ல் 13.9 மி.மீ. வித்தியாசம் வெறும் 0.2. ஆக, 1/700 பாக்கெட்டில் '32 அடி' என்று வரும் படகு, நம் டெல்லியில் 27 அடிப் படகாக உட்கார்ந்துகொள்ளும். 36 அங்குல விளக்கு 1/600-ல் 1.52 மி.மீ.; 44 அங்குல விளக்கு 1/700-ல் 1.6 மி.மீ. அதுவும் பொருந்துகிறது. நங்கூரம், காற்றுக்குழல், கயிற்றுக் கட்டை, கேபிள் சுற்றும் உருளை எல்லாவற்றுக்கும் இதே வழி. 1/600-க்கும் 1/700-க்கும் உள்ள விகிதம் ஆறுக்கு ஏழு. எனவே வேண்டிய அளவை ஆறால் வகுத்து ஏழால் பெருக்கி, அந்த அளவுக்கு 1/700-ல் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். உருவத்தை மட்டும் கவனியுங்கள். கட்டர் படகின் பின்புறம் தட்டையாக இருக்கும், வேலர் படகு இரு முனையும் கூராக இருக்கும். நீளம் பொருந்துகிறது என்று கட்டரை வேலர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தால் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார்.

பீரங்கிக் குழல் இன்னும் எளிது. டெல்லியின் 6 அங்குலப் பீரங்கி 50 காலிபர் நீளமுள்ளது. 152 மி.மீ.-ஐ 50-ஆல் பெருக்கினால் 7.6 மீட்டர். 1/600-ல் 12.7 மி.மீ., 1/700-ல் 10.9. ஆனால் குழலின் அடிப்பகுதி கூண்டுக்குள் மறைந்துவிடுகிறதே! 1/700-க்கென்று கடைந்த பித்தளைக் குழலை இரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளி ஒட்டினால் வெளித்தெரியும் நீளம் சரியாகிவிடும். வாய்த்துளை 1/600-ல் 0.25 மி.மீ., 1/700-ல் 0.22. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஏரல் கடைத்தெருவில் கிடைப்பவை

வெளிநாட்டிலிருந்து வரும் சின்ன உறைக்கு அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் சில சமயம் கப்பல் விலையைத் தொட்டுவிடும். அதனால் கிராதியும் ஏணியும் மட்டும் வாங்கிவிட்டு, மீதியை நம் ஊரிலேயே தேடுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில், சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் சாமான் வாங்க வந்து போகும் ஊர் ஏரல். மாதிரிக் கப்பலுக்கென்று இங்கே கடை கிடையாது, ஆனால் அதற்கு வேண்டிய பொருள் பலவும் இருக்கின்றன.

மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய், "அண்ணாச்சி, நாற்பது கேஜ் கம்பி கொஞ்சம் குடுங்க" என்று கேளுங்கள். 40 கேஜ் எனாமல் செம்புக் கம்பியின் தடிமன் 0.12 மி.மீ.; 44 கேஜ் 0.08 மி.மீ. 1/600-ல் 0.08 என்பது நிஜத்தில் 5 செ.மீ. கயிறு. கப்பலின் கொடிக்கயிறு, ஆன்டெனா, பாய்மரத் தாங்கு கயிறு எல்லாவற்றுக்கும் அது போதும். தையல் நூல் 0.2 மி.மீ. வரும்; 1/600-ல் அது 12 செ.மீ. வடம், துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடத்துக்கு மட்டும் பொருந்தும். செம்புக் கம்பியை நேராக்க இரண்டு முனையையும் குறடால் பிடித்து, லேசாக இளகிக் கொடுப்பது கையில் தெரியும்வரை இழுங்கள். பிறகு அது கோடு போட்டதுபோல் நிற்கும்.

மருந்துக்கடை ஊசி நல்ல பீரங்கிக் குழல். 26 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.46 மி.மீ., அது 6 அங்குலப் பீரங்கிக்கு. 31 கேஜ் இன்சுலின் ஊசி 0.26 மி.மீ., அது 4 அங்குலப் பீரங்கிக்கு. துளை தானாகவே இருக்கிறது, குடைய வேண்டியதில்லை. கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும். முக்கோண அரத்தால் சுற்றிலும் கோடு கீறி ஒடியுங்கள், பிறகு வாயை உப்புத்தாளில் தேயுங்கள். புதிய ஊசி மட்டுமே. வீட்டில் யாரோ குத்திக்கொண்ட ஊசியை எடுக்கவே கூடாது. கூர்முனையை ஒடித்தவுடன் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

தூண்டில் தங்கூசி பளபளப்பாக இருக்கும், பசை பிடிக்காது, நாளாக நாளாகத் தொய்யும். நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. அதைவிட, பெட்டியிலேயே பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சி மேல். மெழுகுவத்தி மேல் காட்டி, இளகியதும் சுடரிலிருந்து எடுத்து, இரு கையாலும் இழுத்தால் முடிபோல் நீளும். மெதுவாக இழுத்தால் தடிமன், வேகமாக இழுத்தால் மெல்லிசு. ஒட்டியபின் தொய்ந்தால், பற்றவைத்த ஊதுபத்தியின் கங்கை அருகே கொண்டுபோங்கள். தொடாமல் காட்டினாலே சுருங்கி விறைத்துக்கொள்ளும்.

நகைப்பட்டறைக்காரரோடு பழக்கம் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. இந்த வேலைக்கு வேண்டிய சாமணம், நுண் அரம், ஊதுகுழல் எல்லாம் அவர் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. பித்தளைத் தகட்டை நெருப்பில் மங்கிய சிவப்பு ஏறும்வரை காட்டி ஆறவிட்டால் விறைப்பு போய் மெதுவாகும் என்பது அவருக்குத் தெரிந்த வித்தை. கப்பல் மூக்கின் வளைவைச் சுற்றிவரும் கிராதித் துண்டுகளை மட்டும் இப்படிப் பதப்படுத்துங்கள். நேராக நிற்க வேண்டிய துண்டுகளைப் பதப்படுத்தினால் விரல் பட்டாலே நெளிந்துவிடும். மிக மெல்லிய தகடு நொடியில் உருகிவிடவும் கூடும், ஆகவே முதலில் தகட்டின் சட்ட ஓரத்தில் ஒரு துண்டைக் காட்டிப் பழகுங்கள்.

பித்தளையோடு வேலை

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தகட்டை உறையிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள ஏணி பறந்துபோனால் திரும்பக் கிடைக்காது. வெயில் காலத்தில் அதிகாலையிலோ இரவிலோ உட்காருங்கள். வேர்வைக் கையால் பித்தளையைத் தொட்டால் கறுக்கும், பெயின்ட் நிற்காது.

தகட்டை வெட்டப் பழைய கிரானைட் துண்டு அல்லது டைல்ஸ் நல்லது. மெத்தென்ற பாய்மேல் வைத்து வெட்டினால் கம்பி வளையும். வெட்டியபின் பித்தளை விளக்கு துலக்குவதுபோலவே புளித்தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்டு, ப்ரைமர் அடியுங்கள். கப்பலில் ஒட்டுவதற்கு முன்பே பெயின்ட் அடித்துவிடுவது என் வழக்கம். அமிலத்தில் அரித்து எடுத்த (எட்ச்) கிராதிக் கம்பியின் அகலம் எப்படியும் 0.1 மி.மீ. வரும். 1/600-ல் அது 6 செ.மீ., நிஜக் கம்பியைவிடத் தடிமன். அதன் மேல் இரண்டு கோட் தூரிகைப் பெயின்ட் ஏறினால் வேலிக்கம்பி மூங்கிலாகிவிடும். நீர்த்த பெயின்டை ஸ்ப்ரேயில் ஒருமுறை, அவ்வளவுதான்.

சூப்பர் குளூவைப் பாட்டிலிலிருந்து நேரே விடாதீர்கள். டைல்ஸ் மேல் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டு வையுங்கள். மூலையை முதலில் ஒரு புள்ளியில் பிடிக்கவைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு இரண்டு செ.மீ.-க்கு ஒரு புள்ளி. நம் பக்கத்து ஈரக்காற்றில் இந்தப் பசை சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரமே கெட்டும் போகும். சின்ன பாட்டிலாக வாங்குங்கள். மூடிய பெட்டிக்குள் ஒட்டிய கப்பலை உடனே வைத்தால் ஆவி வெள்ளையாகப் படியும். ஒரு நாள் வெளிக்காற்றில் ஆறட்டும்.

பாகப் பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஏரல் பாலத்தையே உடைத்துக்கொண்டு போனது. கடைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. ஆற்றங்கரை ஊரில் இருப்பவர்கள் மேல் அலமாரியில் வைத்துப் பழகுவது நல்லது.

அஜாக்ஸை டெல்லி ஆக்குவது

இப்போது எந்தப் பாகம் எங்கே என்று பார்ப்போம். பெட்டியில் இருப்பது பிளேட் நதிப் போர்க்காலத்து அஜாக்ஸ். இரட்டைக் குழல் கூண்டுகள் நான்கு: முன்னே ஏ, பி, பின்னே எக்ஸ், ஒய். 1943 ஜனவரியில் சாலமன் தீவுகள் அருகே ஜப்பானிய விமானக் குண்டு அகிலீஸின் எக்ஸ் கூண்டைத் தாக்கியது. போர்ட்ஸ்மத்தில் பழுது பார்த்தபோது அந்தக் கூண்டைத் திரும்ப வைக்கவில்லை. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளே கூடின. இந்தியாவுக்கு வந்தது ஆறு பீரங்கிகளோடுதான். எனவே எக்ஸ் கூண்டை ஒட்டாதீர்கள். அதன் இடத்துத் துளையை மூடிச் சமன் செய்து, துப்பாக்கி மேடை கட்டுங்கள். அஜாக்ஸின் நடுவே உள்ள விமான ஏவுமேடையும் விமானமும் டெல்லிக்குக் கிடையாது. ஒற்றைக் கம்பப் பாய்மரங்களை எடுத்துவிட்டு, முக்காலிப் பாய்மரம் நிறுத்த வேண்டும். அதற்குப் பித்தளைக் கம்பி எடுத்துப் பற்றாசு வைத்துச் சேர்த்தால் உறுதி; பசையில் ஒட்டினால் கயிறு கட்டும்போது பிரியும். ஒற்றைப் புகைபோக்கி அப்படியே இருக்கட்டும். அதுதான் இந்த வகையின் முகம்.

எந்த ஆண்டு டெல்லி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். துப்பாக்கிகளும் ராடாரும் காலத்துக்குக் காலம் மாறின, ஆகவே ஒரே ஆண்டின் புகைப்படங்களை வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். 1956-ல் வெளிவந்த 'தி பேட்டில் ஆஃப் தி ரிவர் பிளேட்' என்ற ஆங்கிலப் படத்தில் அகிலீஸாக நடித்தது ஐ.என்.எஸ். டெல்லியேதான். ஐம்பதுகளின் நடுவில் அதன் தளம், படகுத் தாங்கி, கிராதி எப்படி இருந்தன என்று ஓடும் கப்பலிலேயே பார்க்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பீரங்கிக் கூண்டின் அருகாமைப் படம் வேண்டுமென்றாலும் வழி உண்டு: 1978-ல் கப்பலை உடைத்தபோது ஒய் கூண்டை இந்தியா நியூஸிலாந்துக்குப் பரிசாகக் கொடுத்தது. அது ஆக்லாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் நிற்கிறது. கதவு, கைப்பிடி, ஆணி வரிசை வரைக்கும் புகைப்படங்களில் எண்ணிக்கொள்ளலாம்.

கொடியில் பலரும் தவறுகிறார்கள். 1950 ஜனவரி 26-க்கு முன் பிரிட்டிஷ் வெள்ளைக் கொடி. அதன்பின் டெல்லி ஓய்வு பெறும்வரை வெள்ளையில் சிவப்புச் சிலுவை, மேல் மூலையில் மூவர்ணம். இன்றைய கடற்படைக் கொடியை அச்சடித்து ஒட்டினால் காலம் பொருந்தாது.

முப்பரிமாண அச்சு

இப்போது பாகங்களைக் கணினிக் கோப்பாகவே வாங்கி அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. வழக்கமில்லாத ஸ்கேல்காரர்களுக்கு இது பெரிய வரம்: 1/700 கோப்பை 116.7 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் 1/600. சிறிதாக்கும்போதுதான் கவனம் வேண்டும். 1/350 கோப்பை 58.3 சதவீதத்துக்குக் குறைத்தால் சுவர்களும் குழல்களும் பாதியளவு மெலிந்து, அச்சில் நிற்காமல் ஒடியும். ஆகவே பெரிதாக்கும் திசையிலேயே தேடுங்கள். இழை உருக்கும் பிரிண்டர் இதற்கு ஆகாது, ரெசின் பிரிண்டர் வேண்டும். நகை வார்ப்பு மாதிரி அச்சிடுபவர்களிடமும் சில பொறியியல் கல்லூரிகளிலும் அது இருக்கும். கிராதியை மட்டும் அச்சிட முயல வேண்டாம். அந்த மெல்லிசுக்குப் பித்தளையே சரி.

பெட்டியே இல்லாத கப்பல்

தூத்துக்குடிக்காரர் ஒருவர் கப்பல் செய்யத் தொடங்கினால் சீக்கிரமே வ.உ.சி.யின் கப்பலில் வந்து நிற்பார். 1906-ல் அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் காலியா, லாவோ கப்பல்களைச் செய்ய வேண்டுமென்றால் உடலிலிருந்து எல்லாமே கையால்தான். அங்கே ஒரு வசதி உண்டு: ஸ்கேலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அப்போது வழக்கமில்லாத எண்ணைப் பிடிக்காதீர்கள். பாகம் எதில் கிடைக்கிறதோ அந்த ஸ்கேலில் உடலைச் செதுக்குங்கள். நீராவிக் கப்பலுக்கு 1/350 எடுத்தால் கிராதி, ஏணி, காற்றுக்குழல், படகு எல்லாம் கடையில் இருக்கும். சாதாரணப் பயணிகள் கூடி நிற்கும் தளத்துக்கு ஆள் பொம்மையும் இருக்கும்.

தோணிக்கும் அப்படித்தான். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் நம் தூத்துக்குடித் தோணியை 1/72-லோ, ரயில் மாதிரிகளின் 1/87-லோ செய்யுங்கள். இரண்டிலும் ஆளும் மூட்டையும் பீப்பாயும் வேண்டிய மட்டும் உண்டு. கப்பிகளை மரக்கப்பல் பாக்கெட்டில் மி.மீ. பார்த்து எடுக்கலாம். ஆனால் தோணியின் அளவுகள் பெட்டியோடு வராது, யாராவது போய் எடுத்தால்தான் உண்டு. மரத்தோணிகள் குறைந்துகொண்டு வருகின்றன. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு நுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். தோணித் தலைவரான தண்டலிடம் கேட்டு, அவர் சரியென்றால் நீளம், அகலம், பாய்மர உயரம், தளத்துக் கைப்பிடி, நங்கூரம், சுக்கான் என்று ஒவ்வொன்றையும் டேப்பால் அளந்து எழுதுங்கள்; டேப்பின் எண் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். அந்த அளவுகளை உங்கள் நோட்டோடு நிறுத்திவிடாமல், இந்த வேலை செய்யும் மற்றவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.